சின்னக் கைக்கு 9 மி.மீ. 1911: வாங்குவது, சுடுவது, பராமரிப்பது

டெக்சஸில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் தமிழ்ப் பெண்மணி ஒருவர் நுழைந்தால், கவுண்டரில் இருப்பவர் முதலில் எடுத்து நீட்டுவது கைப்பையில் அடங்கும் ஒரு குட்டி பிளாஸ்டிக் பிஸ்டலைத்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குட்டித் துப்பாக்கிதான் பெண்களுக்குச் சுலபம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. துப்பாக்கி லேசாக இருந்தால் உதை அதிகம். ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) சின்னதாக இருந்தால் அதைப் பின்னால் இழுக்கவே பல்லைக் கடிக்க வேண்டும். கைக்கு இதமானது இதற்கு நேர் எதிர்: கனமான துப்பாக்கி, லேசான தோட்டா.

எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறோம். பல வருடம் கம்ப்யூட்டர் மவுஸைப் பிடித்ததில் வலது மணிக்கட்டு சரியில்லை. வீட்டுக்காரரிடம் இருப்பது .45 (அங்குல விட்டம்) தோட்டா போடும், 1911 என்ற பழைய அமெரிக்க மாடல் பிஸ்டல். அதில் ஒரு டப்பா சுட்டு வந்தால் அன்று ராத்திரி நான் சப்பாத்தி தேய்க்க மாட்டேன். என்னுடையதும் அதே 1911தான், அதே நீளம், அதே இரும்பு. ஆனால் 9 மி.மீ. விட்டமுள்ள சின்னத் தோட்டா. அதில் இரண்டு மூன்று டப்பா சுட்டாலும் கை ஒன்றும் சொல்வதில்லை. இந்த வழிகாட்டி அந்தத் துப்பாக்கியைப் பற்றியது.

போன கோடையில் கொழுந்தனார் வந்திருந்தபோது, "என்ன அண்ணி, 1911 என்றால் .45தானே ஒரிஜினல்?" என்று சீண்டினார். ஒரிஜினல்தான், மறுக்கவில்லை. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களோடு நடந்த சண்டையில் .38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்று புகார் வந்ததால், ராணுவம் பெரிய தோட்டா கேட்டது. அப்படித்தான் .45 வந்தது. 1985 இல் பெரெட்டாவின் 9 மி.மீ. பிஸ்டல் அதன் இடத்தைப் பிடிக்கும் வரை இதுதான் ராணுவத்தின் கைத்துப்பாக்கி. ஆனால் 1911 இல் 9 மி.மீ. போடுவது நேற்று முளைத்த ஃபேஷன் அல்ல. கோல்ட் நிறுவனம் 1950 வாக்கிலேயே கமாண்டர் மாடலை 9 மி.மீ. தோட்டாவிலும் விற்றது. இன்னொரு வேடிக்கை: எந்தப் பிலிப்பைன்ஸ் சண்டைக்காக இது பிறந்ததோ, அதே நாட்டின் மரிகினா நகரத்தில் இன்று ஆர்ம்ஸ்கோர் நிறுவனம் ராக் ஐலண்ட் என்ற பெயரில் 1911 செய்து அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறது.

உதை எவ்வளவு குறையும் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். போட்டிகளில் சுடுபவர்கள் தோட்டாவிலிருந்து பாயும் குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற அலகிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி, ஆயிரத்தால் வகுப்பார்கள். .45 இல் வழக்கமான 230 கிரெய்ன் தோட்டா சுமார் 830 அடி வேகத்தில் போகும். விடை 191. 9 மி.மீ. இல் 115 கிரெய்ன், சுமார் 1150 அடி. விடை 132. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இரண்டு துப்பாக்கியும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமான ஏறக்குறைய அதே எடைதான் என்பதால், அந்தக் குறைவு முழுக்கக் கைக்குத்தான் லாபம். .45 தள்ளும், 9 மி.மீ. சுருக்கென்று தட்டிவிட்டுத் திரும்பும்.

சத்தம் மட்டும் குறையாது. 115 கிரெய்ன் தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போவதால் சுள்ளென்று காதில் அறையும். உள்ளரங்க ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) காதுக்குள் ஃபோம் அடைப்பான், அதற்கு மேல் காதை மூடும் மஃப், இரண்டும் போடுங்கள். 147 கிரெய்ன் தோட்டா பெரும்பாலும் ஒலி வேகத்துக்குள்தான் போகும், சத்தமும் கொஞ்சம் மொத்தையாக இருக்கும். விலைதான் அதிகம்.

கடைக்குப் போகும் முன்

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் விசாவில் இருப்பீர்கள் என்பதால் இதை முதலில் சொல்ல வேண்டும். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு தடவை சுடுவதும் இதில் சேரும். சில விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் அவற்றில் ஒன்று. அலுவலக நண்பர்கள் கும்பலாக ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். மாட்டினால் அபராதத்தோடு போகாது, நாடு கடத்தல் வரை இழுக்கும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் பின்னணி சோதனை நடக்கும். உண்மையில் வாங்குவது யார் என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். வாங்கத் தகுதியில்லாத மச்சானுக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது குற்றம். கஞ்சா பற்றிய கேள்வியும் உண்டு. உங்கள் மாநிலத்தில் அது சட்டப்படி சரி என்பது இங்கே செல்லாது. வீட்டில் ஒருவர் குடிமகன், இன்னொருவர் விசாவில் என்றால், துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் சாவியும் எண்ணும் யாரிடம் இருக்கலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாநிலச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கலிஃபோர்னியாவில் 10 தோட்டாவுக்கு மேல் போகும் மேகசின் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் கூடு) விற்கக் கூடாது, 10 நாள் காத்திருக்கவும் வேண்டும். 9 மி.மீ. 1911 இன் மேகசினில் 9 அல்லது 10 தோட்டாதான் என்பதால் முதல் சிக்கல் இதற்கு வராது.

எதை வாங்குவது

5 அங்குலக் குழல், முழு இரும்பு உடல். முதல் துப்பாக்கிக்கு இதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். 4.25 அங்குல கமாண்டர் பரவாயில்லை. 3 அங்குலக் குட்டி 1911 வேண்டவே வேண்டாம். ஸ்லைடு ஓடும் தூரம் குறைந்து, ஸ்பிரிங் கடினமாகி, சிக்குவதும் அதிகமாகும். பிரவுனிங் வரைந்த கணக்கே வேறு.

துருக்கியிலும் பிலிப்பைன்ஸிலும் செய்தவை குறைந்த விலையில் கிடைக்கின்றன. அமெரிக்கத் தயாரிப்புகள் அதைவிட ஓரிரு மடங்கு. மேலே போனால் ஒரு பழைய கார் விலைக்கும் உண்டு. விலையைவிட இந்தச் சோதனைகளைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டு, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று நீங்களே கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்லைடை முழுக்க இழுத்துப் பாருங்கள். .45 ஐவிட இதில் ஸ்பிரிங் மென்மையாக இருக்கும். .45 க்கு வழக்கம் 16 பவுண்டு ஸ்பிரிங், 9 மி.மீ. க்கு 12 முதல் 14 வரை. அடுத்து, பிடித்தபடி ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரின் நடுவில் வருகிறதா பாருங்கள். எனக்கு வரவில்லை. கடையிலேயே குட்டை டிரிகரும் மெல்லிய கிரிப் பலகைகளும் மாற்றிக் கொடுத்தார்கள், கை நிறைந்துவிட்டது. 1911 இன் பெரிய வசதியே இதுதான். மேகசினில் தோட்டாக்கள் ஒற்றை வரிசையாக நிற்பதால் பிடி ஒல்லியாக இருக்கும், பாகங்களும் எங்கும் கிடைக்கும். இரட்டை வரிசை மேகசின் போட்ட புது வகைகளில் 17, 18 தோட்டா போகும். ஆனால் அந்தப் பிடி என் கைக்குத் தடிமன்.

டிரிகர் இதில் ஊசலாடாது, நேராகப் பின்னால் நகரும். நாலு, நாலரை பவுண்டு அழுத்தத்தில் சட்டென்று விடும். ஒருமுறை இதற்குப் பழகிவிட்டால் மற்ற துப்பாக்கிகளின் டிரிகர் எல்லாம் சேற்றில் கால் வைத்த மாதிரி இருக்கும்.

மேகசினில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். இந்தத் துப்பாக்கியின் உடல் .45 தோட்டாவுக்காக அளவெடுத்தது. அந்தத் தோட்டாவின் முழு நீளம் சுமார் 32 மி.மீ., 9 மி.மீ. தோட்டாவுக்கோ 30 கூட இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப மேகசினுக்குள் ஒரு மடிப்போ தடுப்போ வைத்திருப்பார்கள். அது சரியாக அமையாவிட்டால் தோட்டா மூக்கைக் கீழே குத்தி நிற்கும். என் துப்பாக்கியோடு பெட்டியில் வந்த இரண்டில் ஒன்று அப்படித்தான், கடைசித் தோட்டாவுக்கு முந்தையதில் ஒவ்வொரு முறையும் சிக்கும். நல்ல மேகசின் மூன்று வாங்கி, அடியில் 1, 2, 3 என்று பெயிண்டில் எண் போட்டுக்கொண்டேன். சிக்கினால் எந்த எண் என்று பாருங்கள். அதே எண்ணே திரும்பத் திரும்ப வந்தால் துப்பாக்கியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த மேகசினை ஒதுக்கி வையுங்கள்.

பிடிப்பதும் சுடுவதும்

எல்லாத் துப்பாக்கிக்கும் உள்ள விதிகள் இதற்கும் உண்டு. குழல்முனை எப்போதும் பாதுகாப்பான திசையில் இருக்க வேண்டும், குறி பார்த்து முடிவெடுக்கும் வரை விரல் டிரிகருக்கு வெளியே, எல்லாத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதென்றே கையாள வேண்டும், குறியும் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1911 கூடுதலாக இரண்டு வேலை கேட்கும்: கட்டைவிரலால் ஏற்றி இறக்கும் சேஃப்டி, உள்ளங்கை அழுத்தினால்தான் சுட விடும் கிரிப் சேஃப்டி.

மேகசினைச் செருகி, ஸ்லைடை இழுத்து விட்டதும் ஹேமர் (டிரிகரை இழுத்ததும் அடிக்கும் சுத்தியல்) பின்னால் நின்றிருக்கும். உடனே கட்டைவிரலால் சேஃப்டியை மேலே தள்ளுங்கள். ஹேமர் பின்னால், சேஃப்டி மேலே என்று நிற்பது பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அதுதான் இதன் சரியான தயார் நிலை. பயந்துகொண்டு, சேம்பரில் தோட்டா இருக்கும்போது ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். விரல் வழுக்கினால் துப்பாக்கி வெடிக்கும். சுட வேண்டாம் என்றால் மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி பண்ணிவிடுங்கள்.

சுடும்போது சேஃப்டியைக் கீழே இறக்கிய கட்டைவிரல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கட்டும். விரல் கீழே இருந்தால் உதையில் தெரியாமல் சேஃப்டியை மேலே தட்டிவிடும். சின்னக் கைக்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும். கட்டைவிரலை மேலே வைத்ததும் உள்ளங்கை லேசாக விலகி, பிடியின் பின்பக்கமுள்ள கிரிப் சேஃப்டி முழுக்க அழுங்காது. டிரிகரை இழுத்தால் ஒன்றும் நடக்காது, துப்பாக்கி ரிப்பேர் என்று நினைப்பீர்கள். கிரிப் சேஃப்டியின் கீழ்ப்பகுதியில் ஒரு புடைப்பு உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். இடது கைக்காரர்கள் இரண்டு பக்கமும் சேஃப்டி உள்ளதைக் கேளுங்கள்.

முதலில் 5 கெஜம், அப்புறம் 7. குறிக்குப் பேப்பர் தட்டு போதும். வலது கைக்காரர்களின் ஓட்டைகள் எல்லாம் இடது பக்கம் கீழே கூடினால், சத்தத்துக்கு முன்பே கை பயந்து குனிகிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: கூட வந்தவர் உங்களுக்குத் தெரியாமல் மேகசினில் நாலைந்து தோட்டாவுக்கு நடுவில் ஒன்றிரண்டு டம்மித் தோட்டாவைச் செருகித் தரட்டும். டம்மி வரும்போது ஹேமர் டக்கென்று விழும், சத்தம் வராது, குழல்முனை மட்டும் குபுக்கென்று கீழே குத்தும். உங்களுக்கே சிரிப்பு வரும். .45 காரர்களுக்கு இது தீர நாளாகும். லேசான தோட்டாவில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, அதனால்தான் பழகுபவர்களுக்கு நான் இதைச் சொல்கிறேன். குழல்முனை குனியாத வரை அன்று சுடுங்கள். குனிய ஆரம்பித்தால் கை களைத்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்.

வீட்டில் தோட்டா இல்லாமலும் பழகலாம். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும், சேம்பரை இரண்டு தடவை பார்க்க வேண்டும், குறி வைக்கும் சுவருக்குப் பின்னால் ஆள் புழங்கக் கூடாது. முன் குறிமுனை மேல் ஒரு சின்ன நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிகரை இழுத்துப் பாருங்கள்.

சுடும்போது ஒரு தோட்டா மட்டும் புஸ்ஸென்று மெலிந்த சத்தத்தோடு போனால் உடனே நிறுத்துங்கள். ஈயம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

ரேஞ்சில் முறுக்கு சாப்பிடாதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையெல்லாம் ஈயத் துகள். குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எதையும் வாயில் வைக்க வேண்டும். ரேஞ்சுக்குப் போட்டுப் போன துணியோடு பேரக்குழந்தையைத் தூக்காமல் இருப்பதும் நல்லது.

கழற்றிப் பூட்டுவது

குழலின் முனையைச் சுற்றி வளையம் மாதிரி புஷிங் இருக்கும், அதன் கீழே ஸ்பிரிங்கை அடைத்து நிற்கும் வட்ட மூடி. சேம்பர் காலி என்று உறுதி செய்துகொண்டு, மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி, புஷிங்கை முனைப் பக்கமிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் கால் சுற்று திருப்புங்கள். கட்டைவிரலை எடுத்துவிடாதீர்கள். மூடி பாய்ந்து பறந்து கண்ணையோ சீலிங்கையோ பதம் பார்க்கும். மெல்ல விட்டு வெளியே எடுங்கள். பிறகு ஸ்லைடை நகர்த்தி, அதன் அடியில் உள்ள சின்னப் பிறை வெட்டு ஸ்லைடு ஸ்டாப்பின் (இடது பக்கமுள்ள, ஸ்லைடைத் தடுத்து நிறுத்தும் நெம்புகோல்) பின்முனைக்கு நேராக வரும்போது, வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியை விரலால் தள்ளினால் ஸ்லைடு ஸ்டாப் இடது பக்கம் வந்துவிடும். ஸ்லைடு முன்னால் கழன்று வரும்.

திருப்பிப் பூட்டும்போதுதான் அந்தப் பிரபலமான கீறல் விழும். ஸ்லைடு ஸ்டாப்பைச் செருகும்போது அதன் முனை உடலின் மேல் ஒரு வில் போல இழுத்துவிடும். பழைய துப்பாக்கிகளில் இடது பக்கம் பாருங்கள், முக்கால்வாசியில் இருக்கும். அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டு, ஸ்டாப்பைக் கீழேயிருந்து மேலே கொண்டுவராமல் நேராக எதிரிலிருந்து தள்ளினால் தப்பிக்கலாம். குழலின் அடியில் தொங்கும் லிங்க் நிமிர்ந்து நிற்காவிட்டால் ஊசி உள்ளே போகாது. அப்போது பலம் காட்டாமல் திரும்பப் பாருங்கள்.

கழற்றிய கையோடு எக்ஸ்ட்ராக்டரையும் சோதித்துவிடுங்கள். ஸ்லைடின் உள்பக்கம், தோட்டாவின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் கொக்கி அது. ஒரு டம்மித் தோட்டாவின் அடியைக் கொக்கிக்குக் கீழே சறுக்கி ஏற்றி, ஸ்லைடை லேசாக ஆட்டுங்கள். தோட்டா நிற்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் பிடிப்பு போதாது, துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரி செய்துகொள்ளுங்கள். இந்தக் கொக்கி கெடாமல் இருக்க ஒரு பழக்கம்: தோட்டாவை நேராகச் சேம்பருக்குள் போட்டு ஸ்லைடை அதன் மேல் விடாதீர்கள், மேகசினிலிருந்துதான் ஏற வேண்டும். காலிச் சேம்பரில் ஸ்லைடைப் படாரென்று விடுவதும் வேண்டாம், கையால் பிடித்துக் கொண்டுபோய் மூடுங்கள்.

எண்ணெய் தாராளமாக. ஸ்லைடு ஓடும் தண்டவாளம், குழலின் மேல் வரிப்பற்கள், புஷிங்கின் உள்பக்கம் எல்லாம் பளபளக்க வேண்டும். 1911 காய்ந்து கிடந்தால் சிக்கும். ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை 2000, 3000 தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

பெட்டியும் பையும்

வீட்டில் இருக்கும்போது பூட்டிய பெட்டியில். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை விட்டுவைத்து, அது அவர்கள் கையில் சிக்கினால் விட்டுவைத்தவர் மேல் வழக்கு உண்டு. பீரோவில் புடவைக்கு அடியில் வைப்பதெல்லாம் ஒளிப்பதில் சேராது, பிள்ளைகள் முதலில் தேடும் இடமே அதுதான்.

கடைசியாக ஊர்ப்பயணம். ரேஞ்சுக்கு எடுத்துப்போன முதுகுப் பையையே விமானத்துக்கும் எடுத்துப்போகும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. அதன் ஏதோ ஒரு ஜிப்புக்குள் ஒற்றைத் தோட்டா உருண்டு கிடக்கும். இந்திய விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள். தெரிந்து வைத்திருக்கவில்லை என்று வாதாடி உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குள் லீவும் டிக்கெட்டும் போய்விடும். ரேஞ்சுக்கென்று அடர்ந்த சிவப்பில் ஒரு தனிப் பை வாங்கி, கராஜில் ஆணி அடித்து மாட்டிவிடுங்கள். சட்டைப் பையிலும் ஜாக்கெட் பையிலும் காலிக் கூடுகள் விழுந்து கிடக்கும், துவைக்கப் போடும் முன் அவற்றையும் ஒருமுறை உதறிப் பாருங்கள்.